பல் வைத்தியரின் அலுமாரி

பல்லுக்கொதியோடு ஒருவர் வந்து கதிரையில் சாயும்போது, அவருக்கு என்ன செய்யலாம் என்பதில் பாதி ஏற்கெனவே தீர்மானமாகியிருக்கும். மூன்று கிழமைக்கு முன்பு யாரோ ஒருவர் அலுமாரியைத் திறந்து, விறைப்பு ஊசி மருந்து எத்தனை பெட்டி மிச்சம் என்று எண்ணியிருப்பார். அல்லது எண்ணாமல் விட்டிருப்பார். கொழும்புக்கு ஒரு கோல் எடுத்திருப்பார். அல்லது அடுத்த கிழமை பார்ப்போம் என்று இருந்திருப்பார். வைத்தியரின் படிப்பும் கைப்பழக்கமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. லிக்னோகேயின் என்ற அந்த விறைப்பு மருந்து இல்லாத மேசையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த எதுவும் ஒரு கடைவாய்ப் பல்லை நோகாமல் எடுக்க உதவாது.

இந்த எண்ணும் வேலையை யாரும் பெரிய வேலையாக நினைப்பதில்லை. நோயாளியின் கண்ணுக்கு அது தெரியாது. வைத்தியர்களில் பலர் அதை உதவியாளரின் பொறுப்பில் விட்டுவிட்டு, ஏதாவது முடிந்துபோன அன்று மட்டும் அதைப் பற்றிக் கேட்பார்கள். நான் இதை ஓர் அமானிதமாகவே நினைக்கிறேன். இன்னும் வராத ஒரு நோயாளிக்காக, அவருடைய பெயரும் ஊரும் தெரியாமலே, நாம் பொறுப்பேற்று வைத்திருக்கிற பொருள் அது. அவர் நாளைக்கு வரலாம், அடுத்த மாதம் வரலாம். வரும்போது அது இருக்க வேண்டும். இருப்பது கெடாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் காப்பாற்றுவது எங்கள் கரையில் எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிழக்குக் கரையிலுள்ள எங்கள் கல்முனைக்கு ரயில் இல்லை. கொழும்பிலிருந்து புறப்படும் ஏ4 வீதி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று என்று நாட்டின் தென்பாதியைச் சுற்றி வந்து, கல்முனையைத் தொட்டு, மட்டக்களப்பில் முடிகிறது. ரயில் வேண்டுமென்றால் நாங்களும் மட்டக்களப்புக்குத்தான் போக வேண்டும். 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தை மணல் அடைத்துக்கொண்டது. சரக்குக் கப்பல் அதை நம்பி வருவதில்லை. பற்சிகிச்சைப் பொருட்களை இறக்குமதி செய்கிறவர்கள் எல்லோரும் கொழும்பில் இருக்கிறார்கள். பகலில் வாட்ஸப்பில் பட்டியலை அனுப்பினால், பொருள் இருக்கிறதென்றால், பொதி இரவு பஸ்ஸில் ஏறும். அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்குப் போகிற நேரத்தில் பிரதான வீதியில் நின்று அதை வாங்கிக்கொள்ள வேண்டும். பஸ் ஒரு பயணத்தைத் தவறவிட்டால் ஒரு நாள் போயிற்று. வெள்ளம் வீதியைக் குறுக்கறுத்தால் எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

வெள்ளத்தைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில், வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்த வீதியில் உழவு இயந்திரம் கவிழ்ந்து, மதரசாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் அடித்துச் செல்லப்பட்டார்கள். காரைதீவையும் சம்மாந்துறையையும் அம்பாறையையும் சேர்க்கிற வீதி அது. அந்தத் துயரத்தின் பக்கத்தில் வைத்துப் பேசுவதற்குப் பல் மருந்துப் பொதி ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் எங்கள் வீதிகள் எப்படிப்பட்டவை என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மாரியிலும் இந்த ஊர்கள் சில நாட்களுக்காவது தீவாகின்றன.

பொருள் வந்து சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். இனி அதைக் காப்பாற்ற வேண்டும். விறைப்பு மருந்து சின்னஞ்சிறு கண்ணாடிக் குழலில் வருகிறது. ஒரு குழலில் 1.8 மில்லிலீற்றர், ஒரு பெட்டியில் 50 குழல். உள்ளே இருப்பது 2 சதவீத லிக்னோகேயின். நில்ஸ் லோஃப்கிரென் என்ற சுவீடன் வேதியியலாளர் 1943இல் உருவாக்கி, 1948இல் விற்பனைக்கு வந்த மருந்து அது. அதோடு, 80,000க்கு ஒரு பங்கு என்ற அளவில் அட்ரினலின் கலந்திருக்கும். அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, விறைப்பு மருந்தை அந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கிறது. ஆனால் அது வெளிச்சத்தையும் சூட்டையும் தாங்காது. பெட்டியில் 25 பாகைக்குக் கீழே வைக்கவும் என்று அச்சிட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் வருடத்தின் பல மாதங்களில் நள்ளிரவிலேயே 25 பாகைக்கு இறங்குவது அரிது. குளிரூட்டியை இரவில் நிறுத்திவிட்டுப் போகிற ஒரு நிலையத்தில், பெட்டி சொல்கிற சூட்டுக்கு மேலேதான் மருந்து அந்த மாதங்கள் முழுவதும் கிடக்கிறது. அட்ரினலின் கெட்டால் விறைப்பு நேரத்தோடு விட்டுப்போகும். நோயாளி ‘ஊசி பிடிக்கல்ல’ என்பார். வைத்தியர் இன்னொரு குழலை ஏற்றுவார். பழி நோயாளியின் உடம்பின் மேல் விழும். அலுமாரியின் மேல் யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு சிறு குமிழி தெரியும். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவு என்றால் பயமில்லை. அது உற்பத்தியின்போது நிரப்பிய நைதரசன். குமிழி பெரிதாகி, றப்பர் அடைப்பும் வெளியே தள்ளியிருந்தால் மருந்து எங்கோ வழியில் உறைந்து உருகியிருக்கிறது. நிறம் மங்கிப் பழுப்பேறியிருந்தால் அதை எடுத்து எறிய வேண்டும். இதைப் பார்க்க அரை நிமிடம் போதும். பெட்டியை வாங்கி உள்ளே வைக்கும்போது பார்க்க வேண்டியது இது. ஊசியைக் கையில் எடுத்த பிறகு பார்க்கிறதல்ல.

இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குணம். வெளிச்சத்தில் இறுகும் வெள்ளைப் பசையைக் குளிரில் வைக்க வேண்டும். ஆனால் பாவிக்கும் முன் வெளியே எடுத்துக் குளிர் தணியவிடாவிட்டால் விறைத்து நிற்கும், பல்லோடு படியாது. கிளாஸ் அயனோமரின் திரவத்தைக் குளிரில் வைத்தால் அது கூழாகிவிடும். அதன் தூளோ உப்புக் காற்றில் ஈரத்தைக் குடித்துவிடும், மூடியைத் திறந்த கையோடு மூட வேண்டும். வாயின் அச்சு எடுக்கிற அல்ஜினேற் கடற்பாசியிலிருந்து வருகிறது. கடலில் பிறந்த அந்தத் தூள்தான் கடற்காற்று பட்டால் முதலில் பழுதாகிறது. கிருமி நீக்குகிற ஓட்டோகிளேவுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். எங்கள் கரையோரக் கிணறுகளின் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து, கொறடுகளில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். ஆகவே தண்ணீரும் இங்கே கொள்வனவுப் பட்டியலில் ஒரு பொருள். பெரிய நகரத்தில் எழுதிய கையேடுகளில் இதைத் தேடினால் கிடைக்காது. கிராம்பு எண்ணெய் ஒன்றுதான் எங்களோடு கோபிக்காமல் இருக்கிறது. மலைநாட்டில் விளைகிற கிராம்பு, எங்கள் உம்மம்மாமார் சூத்தைப் பல்லில் வைத்து அடைத்த அதே சரக்கு. துத்தநாக ஒட்சைட்டோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்க இன்றும் அதுதான்.

எப்போது மறுபடி வாங்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, மிகவும் எளிய கணக்கு. ஒரு நாளைக்கு எட்டுக் குழல் செலவாகிறது, பொருள் வந்து சேரப் பத்து நாள் என்றால், 80 குழல் மிஞ்சியிருக்கும்போதே பட்டியலை அனுப்பிவிட வேண்டும். பாதை அடைபட்டால் என்று இன்னும் 40 சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, கையிருப்பு ஏறத்தாழ இரண்டரைப் பெட்டிக்கு இறங்கியதும் மணி அடிக்க வேண்டும். ஒரு முறையில் எவ்வளவு வாங்குவது என்பதற்கும் சூத்திரம் உண்டு. ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1913இலேயே எழுதியது. அடிக்கடி வாங்குகிற செலவையும் அடுக்கி வைத்திருக்கிற செலவையும் தராசில் நிறுத்துகிற சூத்திரம் அது. தொழிற்சாலைகளுக்கு அது நன்றாகவே உதவியிருக்கிறது.

கல்முனையில் அது தடுமாறுவதற்குக் காரணம் நாட்காட்டி. அந்தச் சூத்திரம் செலவு எப்போதும் ஒரே சீராக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது; கையிருப்புக் கணினி நிரல்கள் பல போன வருடத்தின் இதே மாதத்தில் எவ்வளவு செலவானது என்று பார்க்கச் சொல்லும். எங்கள் ஊர்களில் இரண்டு நாட்காட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஓடுகின்றன. நோன்பு மாதத்தில் பகலில் பல் பார்க்க வருகிறவர்கள் குறைவு. ஊசி போட்டால் நோன்பு முறியுமா, வாய் கொப்பளிக்கும் தண்ணீர் தொண்டைக்குள் போய்விடுமா என்ற பயத்தில் வலியைப் பொறுத்துக்கொண்டு இருப்பார்கள். தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்த பிறகு சிலர் வருவார்கள். பெருநாள் கழிந்த கிழமையில் ஒரு மாதத்தின் வலி எல்லாம் ஒன்றாகத் திரண்டு வாசலில் நிற்கும். நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. 2022இல் ஏப்ரல் தொடக்கத்தில் வந்த நோன்பு 2025இல் மார்ச் தொடக்கத்தில் வந்தது. 2030இல் ஜனவரியில் ஒரு தடவையும் டிசம்பரில் இன்னொரு தடவையுமாக ஒரே வருடத்துக்குள் இரண்டு நோன்பு தொடங்கும். போன மார்ச்சைப் பார்த்து இந்த மார்ச்சுக்கு மருந்து எடுக்கிறவர் ஏமாறுவார்.

மறுபுறம் வயல் சூரியனைப் பார்த்து நடக்கிறது. சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் பெரும்போக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வந்த பிறகுதான், ஒத்திப்போட்ட வேர்ச்சிகிச்சைக்கும் கட்டுப் பல்லுக்கும் ஆட்கள் வருவார்கள். கல்யாணக் காலம் வந்தால் முன்பல்லின் கறையை எடுக்கக் கேட்டு இளசுகள் வரும். இந்தச் சந்திர ஓட்டத்தையும் சூரிய ஓட்டத்தையும் சேர்த்து வைத்துக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் யார் என்றால், பெரும்பாலும் அந்தந்த நிலையத்தின் உதவியாளப் பெண்தான். அவளிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கும். ஒரு குழல் உடைத்தால் ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. நோன்பு பிறக்கும் தலைப்பிறைக்கு ஒரு சிவப்புக் கோடு, பெருநாளுக்கு இன்னொன்று. அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தவருக்கு எந்த மென்பொருளும் பெரிதாகத் தோன்றாது. இந்தப் பெண்களின் சம்பளம் எவ்வளவு என்பதையும், அவர்களுக்கு இந்த அறிவுக்காக யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்களா என்பதையும் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாக் கணக்கும் குலைந்த வருடம் 2022. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசு அறிவித்தது. நோன்பு தொடங்கி ஒன்றரைக் கிழமைகூட ஆகாத நேரம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. நாட்டின் மருத்துவப் பொருட்களில் 80 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. வங்கிகளில் நாணயக் கடிதம் திறக்க டொலர் இல்லை. மார்ச் கடைசியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையே வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்தது. ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. குளிரில் வைக்க வேண்டியது குளிரில் இல்லை. ஓட்டோகிளேவ் சூடேறும் முன் கரண்ட் போய்விடும். ஜூன் கடைசியில் எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அறிவித்தார்கள். இரவு பஸ்களும் குறைந்தன.

அந்த நாட்களில் ஒரு மாலை மருதமுனையிலிருந்து ஒரு மூத்தம்மா, பேரனின் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. பேரன் கையில் ஒரு பொலித்தீன் பை.

“தம்பி, இதக் கழட்டி உட்டிருங்க. ராவெல்லாம் தூக்கமில்ல.”

“கழட்டுவோம் உம்மா. ஊசி இரிக்கி, பயப்படாதீங்க.”

“ஊசி இல்லையாம் எண்டுதானே எல்லாரும் கதைக்காங்க. இது கையுறை, பாமசில வாங்கினான். காணுமா?”

பையில் ஒரு சோடி கையுறை இருந்தது. வைத்தியரிடம் போகும்போது நாமே கொண்டுபோக வேண்டும் என்று அந்தக் குடும்பம் பேசி முடிவெடுத்திருக்கிறது. அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ பேருக்குப் பல் எடுத்திருக்கிறேன். அந்தப் பை மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. இலவச சுகாதாரம் என்று மார்தட்டிய ஒரு நாட்டில் ஒரு நெசவாளிக் குடும்பத்து மூதாட்டி கையுறையோடு வந்து நின்றார் என்பதை நாங்கள் மறந்துவிடக் கூடாது.

அவருக்குப் போட ஊசி இருந்தது, எங்கள் உதவியாளத் தங்கச்சி ஜனவரியிலேயே “டொக்டர், கொழும்பில குரல் சரியில்ல. ரெண்டு பெட்டி கூட எடுப்பம்” என்று சொன்னதால். விற்பனைப் பிரதிநிதிகள் போனில் பேசுகிற விதம் மாறியதை அவள் கவனித்திருக்கிறாள். ஆனால் அந்த இரண்டு பெட்டிகள் எனக்கு வேறொரு கேள்வியைத் தந்தன. நாங்கள் கூட எடுத்த அதே ஜனவரியில் நாடு முழுக்க எத்தனை பேர் அப்படி எடுத்தார்கள்? அப்படி எடுத்ததால் மார்ச்சில் யாருக்கு இல்லாமல் போனது? கையிருப்பு எங்கே முடிகிறது, பதுக்கல் எங்கே தொடங்குகிறது?

யூசுப் நபியின் வரலாற்றை நாங்கள் ஓதல் பள்ளியில் கேட்டு வளர்ந்தவர்கள். ஏழு வருடச் செழிப்பு, ஏழு வருடப் பஞ்சம். விளைந்ததில் சாப்பிடுவதற்குக் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கதிரோடு விட்டுவிடச் சொன்னார் அவர். உமியோடு இருக்கிற தானியம் கெடாது. அது ஒரு களஞ்சியக்காரரின் நுணுக்கம். பிறகு, நாட்டின் களஞ்சியங்களுக்குத் தன்னைப் பொறுப்பாக்குமாறு அரசனிடம் அவரே கேட்கிறார். பாதுகாக்கிறவன், விஷயம் தெரிந்தவன் என்ற இரண்டையும் தன் தகுதியாகச் சொல்கிறார். நல்ல மனிதராக இருப்பது மட்டும் போதாது, தூள் ஈரத்தைக் குடிக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் மட்டும் போதாது, சாவி கையில் இருக்கும்போது நேர்மையும் வேண்டும். பதவியைக் கேட்டு வாங்குவது நல்லதல்ல என்று சொல்லி வளர்க்கப்பட்ட எங்களுக்கு, ஒரு நபி களஞ்சியத்தைக் கேட்டு வாங்கினார் என்பது சிந்திக்க வேண்டிய விஷயம்.

நபிகளார் தம் குடும்பத்துக்கு ஒரு வருடத்துக்குரிய உணவை ஒதுக்கி வைத்ததும் ஹதீஸில் இருக்கிறது. விலை ஏறட்டும் என்று பதுக்குகிறவனைக் கடுமையாகக் கண்டித்ததும் இருக்கிறது. மார்க்க அறிஞர்கள் இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது, அந்தப் பொருளை முடக்குவதால் மக்களுக்குத் தீங்கு வருகிறதா என்பதை வைத்துத்தான். இதைப் பல் வைத்தியரின் அலுமாரிக்குக் கொண்டுவந்தால் அளவு தெளிவாகிறது. என் கதிரைக்கு வருகிறவர்களுக்கு, பாதை அடைபடும் நாட்களையும் சேர்த்து எவ்வளவு வேண்டுமோ அது கையிருப்பு. அதற்கு மேல் வைத்திருந்தால் பக்கத்து ஊர்க்காரரின் நிவாரணத்தை என் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். அந்த மேலதிகம் காலாவதியாகிக் குப்பைக்குப் போனால் வீண்விரயமும் சேர்கிறது. ஒரே பெட்டி இரண்டு குற்றத்தையும் சுமக்கிறது.

இந்தச் சிக்கலிலிருந்து எங்களைக் காப்பாற்றியது கைமாற்று. வீடுகளுக்கிடையே சீனியும் அரிசியும் போய்வந்ததைப் போலவே நிலையங்களுக்கிடையே குழலும் ஊசியும் போய்வந்தன. காரைதீவில் ஊசி இருந்தது, மருந்து இல்லை; சாய்ந்தமருதில் மருந்து இருந்தது, 27 கேஜ் நீள ஊசி இல்லை. பாண்டிருப்பிலிருந்து ஒரு நண்பர் அடுத்த மாதம் காலாவதியாகும் கிளாஸ் அயனோமர் குப்பியைத் தந்துவிட்டுப் போனார். அவரிடம் அதைப் பாவிக்கிற அளவுக்கு நோயாளிகள் வரவில்லை, எங்களிடம் வந்தார்கள். கல்முனையைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் அறிந்ததெல்லாம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையிலான பிரதேச செயலக எல்லைச் சண்டையும், ஒரே நகரில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, வடக்கு ஆதார வைத்தியசாலை என்று இரண்டு பெரிய வைத்தியசாலைகள் நிற்பதும்தான். எல்லைகளைப் பற்றித் தமிழரும் முஸ்லிம்களும் இன்னும் நீண்ட காலம் வாதாடலாம். அந்த வருடம் எங்கள் கொப்பிகளில் ‘தந்தது’, ‘வாங்கினது’ என்ற இரண்டு நிரல்களில் ஊர்ப் பெயர்கள் கலந்து கிடந்தன. அதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

அரச பக்கத்தில் நிலைமை வேறு. அங்கே பற்சிகிச்சை இலவசம். பொருட்களைக் கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவு பெற்றுப் பிராந்தியக் களஞ்சியங்களுக்கு அனுப்புகிறது. அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்துக்குக் கல்முனையில் தனிப் பிராந்திய சுகாதாரப் பணிமனை உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் எஸ்.ஆர். என்ற அடையாள இலக்கம். அடுத்த வருடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்ற மதிப்பீட்டை நெடுங்காலம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கேயும் பலர் இதைச் சடங்காகச் செய்கிறார்கள்: போன வருடத்துத் தொகையோடு பத்து வீதம் கூட்டி எழுதுவது. கேட்டதில் பாதிதான் வரும் என்று எல்லோரும் இரட்டிப்பாகக் கேட்பார்கள். எல்லோரும் இரட்டிப்பாகக் கேட்கிறார்கள் என்று மேலே பாதியாக வெட்டுவார்கள். நாட்டின் உண்மையான தேவை எந்தத் தாளிலும் இல்லாமல் போவது இப்படித்தான். இதற்கு மருந்து உண்மையான எண்ணை எழுதுவது ஒன்றுதான். அதற்குக் கொப்பியில் கோடு போட்டிருக்க வேண்டும்.

1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி வைத்த பேராசிரியர் சேனக பிபிலே, நாட்டுக்குள் வருகிற மருந்துகளின் நீண்ட பட்டியலைச் சுருக்கினார். ஒரே மருந்துக்குப் பத்து வணிகப் பெயர் எதற்கு என்பது அவருடைய கேள்வி. எங்கள் சிறு நிலையங்களுக்கும் அது பொருந்தும். பிரதிநிதி வருவார், பத்து வாங்கினால் இரண்டு இலவசம் என்பார், புதிய நிறத்தில் புதிய பசை என்பார். பல் வெளுப்பாக்கும் ஜெல் ஆறு பெட்டி அலுமாரியில் காலாவதியாகிக்கொண்டிருக்க, பஞ்சு முடிந்துபோன நிலையங்களை நான் பார்த்திருக்கிறேன். உயிர்நாடியானது எது, அவசியமானது எது, இருந்தால் நல்லது எது என்று மூன்றாகப் பிரித்து எழுதி அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட வேண்டும். முதல் பகுதியில் நீளமாக எதுவும் வராது: விறைப்பு மருந்து, ஊசி, கையுறை, பஞ்சு, தையல் நூல், கிளாஸ் அயனோமர்.

கடைசியானதைப் பற்றி ஒரு வார்த்தை. லண்டனில் வில்சனும் கென்றும் உருவாக்கி 1972இல் அறிமுகமான கிளாஸ் அயனோமர் தானாக இறுகும். அதற்கு விளக்கும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். 1980களில் தான்சானியாவில் தொடங்கி, யோ ஃபிரெங்கனும் மற்றவர்களும், துளைப்பான் இல்லாமல் கைக்கருவியால் சூத்தையைச் சுரண்டிவிட்டு இதை வைத்து அடைக்கும் முறையை வளர்த்தெடுத்தார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மின்வெட்டு நாட்களில் எங்கள் ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகளின் பற்களை இந்த ஒரு குப்பி காப்பாற்றியது. அதைவிடப் பளபளப்பான சாமான்கள் அலுமாரியில் இருந்தன. அவை அந்த நாட்களில் எதற்கும் உதவவில்லை.

கொள்வனவில் எண்ணிக்கையும் விலையும் மட்டும் பார்த்தால் எங்கள் ஊரில் போதாது. பல் எடுத்த குழியில் இரத்தத்தை நிறுத்த வைக்கிற ஜெலட்டின் பஞ்சுகள் பல பன்றியிலிருந்து செய்யப்படுகின்றன. பெட்டியின் ஓரத்தில் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும், விற்கிறவருக்கே தெரிந்திருக்காது. இரத்தம் நிற்காமல் ஓடுகிற நேரத்தில் நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்தில் இடம் உண்டு. ஆனால் அந்த நிர்ப்பந்தத்தை என் அலட்சியம் உண்டாக்கக் கூடாது. தாவர நாரிலிருந்து செய்கிற செல்லுலோஸ் வலைகள் சந்தையில் இருக்கின்றன, விலை கூடத்தான். நோயாளியின் வாய்க்குள் எதை வைக்கிறேன் என்று அவர் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டும். இந்துச் சகோதரர்களுக்கு மாட்டிலிருந்து செய்த எலும்புத் தூளைப் பற்றி இதே கேள்வி உண்டு. அதையும் நாங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எறிய முடியாத கையிருப்பு ஒன்றும் பழைய நிலையங்களில் கிடக்கிறது. பாதரசம். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. பல்லை அடைக்கும், பாதரசம் கலந்த அமல்கத்தை 2034க்குள் முற்றாக விட்டுவிடுவதென்று 2025 நவம்பரில் ஜெனீவாவில் நாடுகள் உடன்பட்டன. வாங்குவதை நிறுத்திவிடலாம், சரி. மேல்தட்டில் இருக்கிற குப்பியை என்ன செய்வது? எங்கள் வாய்க்காலில் ஊற்றினால் அது களப்புக்குப் போகும், களப்பிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து எங்கள் கறிச்சட்டிக்கு. பழைய பாதரசத்தைத் திரும்பப் பெறுவதற்குப் பிராந்திய மட்டத்தில் ஓர் ஏற்பாடு வேண்டும்.

கேட்காமல் வருகிற பொருளும் எங்களுக்குப் புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு நாட்டுக்கு வந்த உதவிகளில், யாரும் கேட்காத மருந்துகளும் புரியாத மொழியில் பெயர் எழுதிய பெட்டிகளும் காலாவதி நெருங்கியவையும் கலந்திருந்தன. வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நன்கொடை விதிகள் 1990களிலேயே சொல்லியிருந்தும் இப்படி நடந்தது. அனுப்பியவர்களின் மனம் நல்லதுதான். எங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லக்கூடிய ஒரு பட்டியல் அன்று எங்கள் கையிலும் இருக்கவில்லை.

அதனால் பொத்துவிலிலிருந்து மருதமுனை வரை பற்சிகிச்சை நிலையம் நடத்துகிற எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். மாரி தொடங்கும் முன் உங்கள் அலுமாரியைத் திறந்து, அடுத்த மூன்று மாதத்தில் காலாவதியாகப் போகிறவற்றை ஒரு தாளில் எழுதி மற்றவர்களுக்கு அனுப்புங்கள். உங்களுக்கு மிஞ்சுவது வேறு யாருக்காவது இன்றைக்கே தேவைப்படும். வீதிகள் அடைபடும் நாட்களுக்கென்று கல்முனையில் ஒன்று, அக்கரைப்பற்றில் ஒன்று என்று இரண்டு பொதுக் கையிருப்புகளை வைப்போம்: விறைப்பு மருந்து, ஊசி, கையுறை, பஞ்சு, தையல் நூல், கிளாஸ் அயனோமர். இவை ஆறும் போதும். எந்த ஊர், எந்த இனம், அரசா தனியாரா என்று பார்க்காமல், எடுத்தவர் எழுதி வைத்துவிட்டு எடுக்கட்டும். பொதி வந்ததும் திருப்பி வைக்கட்டும். கணக்கை உதவியாளப் பிள்ளைகளிடம் கொடுப்போம், அவர்களுக்கு அதற்குரிய கொடுப்பனவோடு. முதல் பெட்டியை நான் தருகிறேன்.